பாட்டிலை மாத்துவோம்! நம்ம புள்ளைங்க கையில மோரும் இளநீரும் கொடுப்போம்!

   

உர விலை, பயிர்க் காப்பீடு, கரும்பு பாக்கி, மின்சாரம் என்று நோட்டீஸ் போடுகிற சங்கம், குடிக்கிற பானத்துக்கு எதுக்கு நோட்டீஸ் போடுது என்று சில பேர் கேட்பார்கள். கேட்கட்டும். நாம் பாடுபடுவது யாருக்காக? நம்ம புள்ளைங்களுக்காக. அந்தப் புள்ளைங்க பதினஞ்சு வயசிலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டால், காட்டைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம்? நாம் விளைவித்த இளநீரும், கறந்த பாலும் விலை இல்லாமல் கிடக்கும்போது, அதே ஊர்ப் பெட்டிக்கடையில் கலர் தண்ணி விலை போகிறதே, அது விவசாயிப் பிரச்சினை இல்லையா? ஆகவேதான் இந்த நோட்டீஸ். பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற புள்ளைங்களிடமும் கொடுங்கள்.

பால் 38 ரூபாய்! கலர் தண்ணி 80 ரூபாய்!

விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோகிறோம். ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாய் ஆக்கினார்கள். 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். இரண்டையும் சேர்த்தால் 38 ரூபாய். அதிலும் கொழுப்பு குறைவு, சத்து குறைவு என்று சொல்லிப் பிடித்தம் செய்வார்கள்.

அதே வீட்டுப் பையன் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப் கடையில் 250 மில்லி பாட்டிலை 20 ரூபாய் கொடுத்து வாங்குகிறான். லிட்டர் கணக்குப் போட்டால் 80 ரூபாய். மாடும் இல்லை, தீவனமும் இல்லை, நடுராத்திரியில் கன்று ஈனும் கவலையும் இல்லை. தண்ணீர், சர்க்கரை, கேஸ், கலர், வாசனை. அதுக்கு 80 ரூபாய்! அம்மா கறந்த பால் இரண்டு லிட்டர் விற்ற காசு, மகன் குடிக்கிற ஒரு லிட்டர் கலர் தண்ணிக்கு ஈடாகவில்லை. இந்தக் கொள்ளை யார் கண்ணுக்காவது படுகிறதா?

பாட்டிலுக்குள்ளே என்னதான் இருக்கு?

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வழக்கமான கோலா பானத்தில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலில் சுமார் 26 கிராம். டீஸ்பூன் கணக்கில் ஆறுக்கும் மேலே. நம்ம வீட்டில் ஒரு டம்ளர் டீக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை போட்டால் குடிப்போமா? வாயில் வைக்க முடியாது. ஆனால் ஜில்லென்று இருப்பதாலும், புளிப்பும் கேஸும் சேர்வதாலும் நாக்குக்கு அந்த இனிப்பு தெரிவதில்லை. அதுதான் சூட்சுமம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு சுமார் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று சொன்னது. அதாவது அந்த 20 ரூபாய் பாட்டில் ஒன்றே அந்த 25 கிராம் கணக்கை முடித்துவிடுகிறது. அதுக்கப்புறம் டீ, பிஸ்கட், மிட்டாய் எல்லாம் மேல்கணக்கு.

சோறு தின்றால் வயிறு நிறையும். கலர் தண்ணி குடித்தால் வயிறு நிறையாது. சர்க்கரை மட்டும் ரத்தத்தில் ஏறும். தினமும் குடிக்கிற புள்ளைக்கு உடம்பு ஊதும், பல் சொத்தையாகும், ஈரலில் கொழுப்பு படியும், நாளாவட்டத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. வயசானவங்க நோய்தானே என்று இருந்துவிடாதீர்கள். 2016-18-ல் மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், பள்ளி வயதுப் பிள்ளைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் பத்தில் ஒருவருக்கு சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை இருந்தது தெரிந்தது. பத்தில் ஒன்று! நம்ம ஊர் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் 40 பேர் என்றால் 4 பேர்!

பொம்பளைப் புள்ளைங்க கதை இன்னும் மோசம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அந்த வயசில் மோரும், கூழும், கீரையும், முட்டையும் உள்ளே போக வேண்டும். அந்தக் காசில் கலர் தண்ணி போனால் ரத்தம் எங்கிருந்து ஊறும்?

எனர்ஜி! யாருக்கு எனர்ஜி?

இப்போது கோலாவை விட வேகமாகப் புள்ளைங்க கைக்குப் போவது எனர்ஜி டிரிங்க். கபடி மைதானத்திலும், டியூஷன் வாசலிலும், பரீட்சை நேரத்திலும் இதுதான் பேச்சு. சர்க்கரை போதாதென்று இதில் கஃபீனும் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபீன் சேர்க்கலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி அனுமதிக்கிறது. 250 மில்லி பாட்டிலில் 75 மில்லிகிராம் வரை வரும். தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அடுத்த நாள் சோர்வு வரும். சோர்வுக்கு மறுபடி ஒரு பாட்டில்!

அதே விதிப்படி பாட்டிலில் ஒரு எச்சரிக்கை போட்டாக வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு உகந்ததல்ல என்பதுதான் அது. போட்டிருக்கிறார்கள். எங்கே? எறும்பு அளவு எழுத்தில், இங்கிலீஷில்! வாங்குகிற பையனுக்கும் தெரியாது, விற்கிற கடைக்கார அண்ணனுக்கும் தெரியாது.

இன்னொரு கூத்தும் நடந்தது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே ஒட்டிக்கொண்டு இனிப்புப் பானங்களை மருந்துக் கடையிலேயே விற்றார்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அந்த அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் ஆணையம் கறாராக உத்தரவு போட்டது. ஒரு டாக்டரம்மா ஐதராபாத்தில் வருஷக்கணக்காகப் போராடியதால் வந்த உத்தரவு அது. கேட்காமல் எதுவும் கிடைக்காது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

"சர்க்கரையை எதிர்த்தா கரும்பு விவசாயி என்ன பண்ணுவான்?"

இப்படி ஒரு கேள்வியைக் கம்பெனிக்காரனுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் கிளப்புவார்கள். நம்ம சங்கத்திலேயே கரும்பு போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஆகவே கணக்கைப் போட்டே பதில் சொல்வோம்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். அது 10.25 சதவீதம் பிழிதிறனுக்கு. அதாவது 100 கிலோ கரும்பில் பத்தேகால் கிலோ சர்க்கரை. ஒரு கிலோ சர்க்கரைக்கு விவசாயிக்குக் கிடைப்பது சுமார் 34 ரூபாய் 60 காசு. ஒரு 20 ரூபாய் பாட்டிலில் 26 கிராம் சர்க்கரை. விவசாயி பங்கு எவ்வளவு? 90 காசு! அந்த 90 காசையாவது ஆலைக்காரன் நேரத்துக்குக் கொடுக்கிறானா? பாக்கிக்காக நாம் எத்தனை தடவை ஆலை வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்!

20 ரூபாயில் 90 காசுக்காக நம்ம புள்ளைங்க உடம்பை அடகு வைக்கச் சொல்கிறார்கள். கரும்பு விவசாயிக்கு வேண்டியது கட்டுபடியான விலை, பாக்கி இல்லாத பட்டுவாடா, எத்தனால் வருமானத்தில் நியாயமான பங்கு. கோலாக் கம்பெனியின் கருணை அல்ல!

தண்ணியையும் எடுத்தான், காசையும் எடுத்தான்

பொள்ளாச்சியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடை என்று ஒரு ஊர். 2000-ல் அங்கே கோக்கோ கோலா ஆலை வந்தது. ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரை உறிஞ்சினார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளின் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனது என்று அங்கிருந்த ஆதிவாசி மக்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற ஆதிவாசித் தாய் முன்னால் நின்றார். பெருமாட்டி பஞ்சாயத்து 2003-ல் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆலையால் ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய் என்று கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல் மதிப்பிட்டது. 2017-ல் இனி அங்கே ஆலையைத் திறக்கப் போவதில்லை என்று கம்பெனியே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மயிலம்மா 2007-லேயே காலமாகிவிட்டார். ஆனால் ஒரு பஞ்சாயத்தும் சில நூறு ஏழை ஜனங்களும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்று காட்டிவிட்டுப் போனார்.

நம்ம பக்கம் கதை என்ன? திருநெல்வேலி கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர். ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்று அப்போது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. லிட்டர் 4 காசுகூட இல்லை! 2016 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அந்தத் தடை நீங்கியது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துக்கொண்டிருந்த அதே பஞ்ச காலத்தில் இது நடந்தது!

2017 சொல்லித் தந்த பாடம்

ஜல்லிக்கட்டுக்காக 2017 ஜனவரியில் மெரினாவில் கூடினார்களே, அவர்கள் யார்? நம்ம வீட்டுப் புள்ளைங்க. மாட்டைக் காப்பாற்றக் கூடியவர்கள், கோக்கும் பெப்சியும் வேண்டாம் என்றும் கோஷம் போட்டார்கள். வணிகர் சங்கங்கள் அதைக் கேட்டு 2017 மார்ச் 1 முதல் அந்தப் பானங்களை விற்க மாட்டோம் என்று அறிவித்தன. இளைஞன் நினைத்தால் கடை அலமாரியே மாறும் என்று அன்றைக்கு நாடே பார்த்தது.

ஆனால் அப்புறம் என்ன ஆச்சு? கொஞ்ச நாளில் அந்தப் பாட்டில்களும் திரும்பி வந்தன. வேறு பெயரில் உள்நாட்டுப் பாட்டில்களும் வந்தன. 10 ரூபாய்க்கே தருகிறோம் என்று பெரிய பெரிய முதலாளிகளும் இறங்கிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரன் சர்க்கரை கெடுதல், உள்நாட்டுக்காரன் சர்க்கரை நல்லதா? உடம்புக்குக் கொடி தெரியாது. பாட்டிலில் எந்தப் பெயர் இருந்தாலும் 26 கிராம் 26 கிராம்தான். போராட்டம் கம்பெனிப் பெயரோடு நின்றுவிட்டால் இப்படித்தான் முடியும். பாட்டிலில் இருப்பதற்குப் பதிலாக எதைக் குடிப்பது என்றும் நாம் சொல்ல வேண்டும், கையில் கொடுக்கவும் வேண்டும்.

நம்ம பானம் எது? பொய் சொல்லாமல் பேசுவோம்

நம்ம சரக்கு என்பதற்காக எல்லாமே அமிர்தம் என்று புளுகினால், நமக்கும் விளம்பரக் கம்பெனிக்கும் வித்தியாசம் இல்லை.

தண்ணீர்: முதல் பானம் இதுதான். தாகத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் நம்ம பள்ளிக்கூடத்தில் நல்ல தண்ணீர் இருக்கா? கக்கூஸ் சுத்தமாக இருக்கா? கக்கூஸ் போக முடியாது என்பதற்காகவே எத்தனை பொம்பளைப் புள்ளைங்க காலையில் இருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணி குடிக்காமல் இருக்குதுங்க! இதைச் சரி செய்யாமல் ஆரோக்கியம் பேச முடியாது.

மோர்: உப்பு, கருவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம் போட்ட மோர். சேர்த்த சர்க்கரை ஒரு பொட்டு இல்லை. சுண்ணாம்புச் சத்து உண்டு. வயிற்றுக்கும் குளிர்ச்சி. விலையும் குறைவு.

இளநீர்: 100 மில்லியில் 3 முதல் 5 கிராம் அளவுதான் இயற்கைச் சர்க்கரை. கோலாவில் பாதிகூட இல்லை. பொட்டாசியம் நிறைய. வெயிலில் விளையாடி வருகிற புள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? கிட்னி வியாதி உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் குடிக்கட்டும்.

உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி: சாப்பாட்டோடு குடித்தால், கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சை உதவும். ரத்தசோகை உள்ள பொம்பளைப் புள்ளைங்களுக்கு முக்கியமாக நல்லது.

கம்பங்கூழ், கேப்பைக்கூழ், நீராகாரம்: பசியும் அடங்கும், தாகமும் அடங்கும். மானாவாரி விவசாயிக்கும் பிழைப்பு.

பதநீர், நீரா, கரும்புச்சாறு, சர்பத்: ருசியானவை, நம்ம மண்ணில் விளைந்தவை. ஆனால் இனிப்பில் கோலாவுக்குக் குறைந்தவை அல்ல. ஆகவே தினமும் வேண்டாம், சீசனுக்கு ஒரு தடவை, அளவோடு குடிக்கலாம். பாட்டிலில் அடைத்த பழ ஜூஸ் என்று வருவதையும் லேபிள் பார்த்தே வாங்குங்கள்.

திட்டினா கேட்குமா?

"டேய், அதைக் குடிக்காதடா" என்று சொன்னால் பதினாறு வயசுப் பையன் கேட்பானா? முன்னால் சரி என்பான், மூலைக்கடைக்குப் போய்க் குடிப்பான். அவன் அதை ருசிக்காக மட்டும் குடிக்கவில்லை. கூட்டாளிகள் குடிக்கிறார்கள், கிரிக்கெட் வீரன் விளம்பரத்தில் குடிக்கிறான், சினிமா ஹீரோ குடிக்கிறான். எந்தக் கடைக்குப் போனாலும் கம்பெனி கொடுத்த ஃப்ரிட்ஜில் ஜில்லென்று முன்னால் நிற்கிறது. நம்ம மோர் எங்கே நிற்கிறது? வீட்டு அடுக்களையில், மூடி போட்டு. நம்ம இளநீர் எங்கே? லாரி ஏறி பெங்களூருக்கும் மும்பைக்கும் போகிறது. உள்ளூரில் ஒன்று வெட்டிக் கொடுக்க ஆள் இல்லை!

வெள்ளை ஈ, வாடல் நோய், வெட்டுக்கூலி எல்லாம் சேர்ந்து இளநீரும் விலை கூடிவிட்டது. தோப்பில் ஒரு விலை, டவுனில் அதைப்போல இரண்டு மடங்கு விலை. பத்தோ இருபதோ வைத்திருக்கிற பையன் அதை எப்படித் தினமும் வாங்குவான்? ஆகவே மோரில் ஆரம்பிப்போம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் பால் 38 ரூபாய். தயிராக்கி, கடைந்து, மூணு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் நாலு லிட்டர் மோர். 200 மில்லி டம்ளரில் 20 டம்ளர். உப்பு, இஞ்சி, கருவேப்பிலை, பெருங்காயம், அடுப்புச் செலவு எல்லாம் 22 ரூபாய் வையுங்கள். மொத்தம் 60 ரூபாய். ஒரு டம்ளர் அடக்கம் 3 ரூபாய். 5 ரூபாய்க்கு விற்றால் 100 ரூபாய். சொசைட்டியில் 38 ரூபாய்க்கு ஊற்றுகிற பாலில், 38 ரூபாய்க்கு மேலே இன்னும் 40 ரூபாய் நிற்கும்! மகளிர் குழு ஒன்று பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு மண்பானையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றால் போதும். 20 ரூபாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் 5 ரூபாய் மோர், ஜில்லென்று. பையனே முடிவு பண்ணட்டும்!

ஒன்று மட்டும் கண்டிப்பு. காய்ச்சி ஆறின தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மீனுக்குப் போடுகிற ஐஸ் கட்டியைப் போடக் கூடாது. டம்ளரைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். ஒரு புள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் போதும், கம்பெனிக்காரன் நம்ம மோர்ப்பானையைக் காட்டியே பாட்டில் விற்பான்.

கல்யாணம், காதுகுத்து, சீர், கோயில் திருவிழா எல்லாவற்றிலும் பந்தலுக்குள் நுழைந்ததும் கலர் டம்ளர் நீட்டுவது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. விவசாயி வீட்டு விசேஷத்தில் விருந்தாளிக்கு விவசாயி விளைவித்ததைக் கொடுப்பதுதானே கௌரவம்! கபடிப் போட்டி, கிரிக்கெட் போட்டி நடத்துகிற இளைஞர் மன்றங்களுக்கும் சொல்கிறோம். கம்பெனி பேனரும் ஓசிப் பாட்டிலும் வேண்டாம். சங்கக் கிளைகள் மோரும் இளநீரும் கொண்டுவந்து தரும். உங்கள் மைதானத்துக்கு எங்கள் செலவு!

தம்பி, தங்கச்சி, உங்களோடு ரெண்டு வார்த்தை

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களைக் குறி வைத்து கோடிக்கணக்கில் செலவு பண்ணுகிறார்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறோம். யோசித்துப் பாருங்கள். விளம்பரத்தில் குடிப்பது போல நடிக்கிறவர்கள் எல்லாம் வீட்டில் அதையா குடிக்கிறார்கள்?

பேட்மிண்டன் வீரர் புல்லேலா கோபிசந்த் 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் ஜெயித்தார். கோலா விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். தான் குடிக்காததை மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். நீங்கள் கொண்டாடுகிற கிறிஸ்டியானோ ரொனால்டோ 2021 ஜூனில் ஐரோப்பியக் கோப்பைப் பேட்டியில் என்ன செய்தார்? மேஜையில் இருந்த இரண்டு கோக் பாட்டில்களை ஒதுக்கி வைத்தார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அந்தப் போட்டிக்கே அந்தக் கம்பெனிதான் ஸ்பான்சர்! காசு கொடுத்தவன் முன்னாலேயே ஒதுக்கி வைக்க அவருக்குத் துணிச்சல் இருந்தது. நம்ம காசைக் கொடுத்து வாங்குகிற நமக்கு ஒதுக்கி வைக்க என்ன தயக்கம்?

ஒரே நாளில் விட வேண்டாம். தினமும் ஒன்று குடிக்கிறவர் வாரத்துக்கு இரண்டாக்குங்கள். பிறகு மாசத்துக்கு ஒன்றாக்குங்கள். மிச்சமாகிற காசைக் கணக்குப் பாருங்கள். தினம் 20 ரூபாய் என்றால் மாசம் 600, வருஷம் 7,300 ரூபாய். நல்ல சைக்கிள் ஒன்று வாங்கலாம்! எனர்ஜி டிரிங்கை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டியது தூக்கம், பாட்டில் இல்லை. வாங்குவதற்கு முன்னால் லேபிளைத் திருப்பிப் படித்து உங்கள் கூட்டாளிகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். படிச்ச புள்ளைங்க நீங்கள்தான். உங்களை ஏமாற்ற விடலாமா?

மத்திய, மாநில அரசுகளே!

1. அதிகச் சர்க்கரை, உப்பு, கொழுப்பு உள்ள தின்பண்டம், பானங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டது. விதி பேப்பரில் தூங்குகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் அமல்படுத்து!

2. எனர்ஜி டிரிங்கை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதைத் தடை செய்! எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில், பாட்டிலின் முன்பக்கம் போட வை! சிலி நாட்டில் 2016 முதல் கறுப்பு முத்திரை குத்தி விற்கிறார்கள். நம்மால் முடியாதா?

3. இனிப்புக் குளிர்பானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. அந்தப் பணம் எங்கே போகிறது? அதில் ஒரு பங்கைப் பள்ளிக் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் ஒதுக்கு! பிரிட்டனில் 2018 முதல் சர்க்கரை அளவுக்குத் தகுந்தபடி வரி போட்டதும் கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்தன. அதே முறையை இங்கேயும் கொண்டு வா!

4. பாக்கெட் தயிருக்கும் மோருக்கும் 2022 ஜூலையில் 5 சதவீத வரி போட்டது யார் வயிற்றில் அடிக்க? மோருக்கு வரியே கூடாது!

5. பள்ளி, விடுதி, ஐ.டி.ஐ., காலேஜ் கேண்டீன்களில் உள்ளூர் மோருக்கும் இளநீருக்கும் இடம் கொடு! விவசாயிகளிடமும் மகளிர் குழுக்களிடமும் நேரடியாக வாங்கு!

6. நிலத்தடி நீரைக் குளிர்பானக் கம்பெனிக்குத் தாரை வார்க்காதே! கிராம சபை ஒப்புதல் இல்லாமல் ஒரு போர் போட விடாதே!

விவசாயப் பெருமக்களே! அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை வருகிறது, மே 1 கிராம சபை வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் கொண்டு வாருங்கள். பள்ளி வாசலில் 50 மீட்டருக்குக் கயிறு பிடித்து அளந்து கோடு போடுங்கள். பெட்டிக்கடை அண்ணனிடம் சண்டை வேண்டாம், அவரும் நம்ம ஆள். பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு முன்னால் மோர்ப்பானையை வைக்கச் சொல்லுங்கள். விற்றதில் அவருக்கும் பங்கு கொடுங்கள். கூட்டத்துக்கு வரும்போது உங்கள் மகனையும் மகளையும் கூட்டி வாருங்கள். இது அவர்கள் போராட்டம், அவர்களே பேசட்டும்!

கலர் தண்ணி கம்பெனிக்கு! மோரும் இளநீரும் நமக்கு!
பள்ளி வாசலில் 50 மீட்டர்! சட்டத்தை நிறைவேற்று!
நம்ம தண்ணி நம்ம உரிமை! நம்ம புள்ளை நம்ம பொறுப்பு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
கிளைக் கமிட்டிகள்

(படித்த பின் கீழே போடாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்)